மூணரை அடி தண்ணியும் நாப்பத்திரெண்டு வயசும்: பெரியவங்களுக்கான நீச்சல் கிளாஸ், ஒரு ரிவ்யூ

மொதல்ல கொறையில இருந்தே ஆரம்பிக்கேன். ட்ரஸ் மாத்துத ரூம்ல கொக்கி மொத்தம் மூணு, பேட்சுல நாங்க எட்டு பேரு, அந்த மூணுல ஒண்ணு ஆடிக்கிட்டே இருக்கும், பேண்ட்ட மாட்டுனா பேண்ட்டும் கொக்கியும் சேந்து ஈரத்தரையில விழும். ஷவர் ரெண்டு, ஒண்ணு சொட்டும், இன்னொண்ணு பீச்சும். பைக் நிறுத்த எடம் இருக்கு ஆனா மேல வேப்பமரம், மரத்துல காக்கா, மத்தத நீங்களே நெனச்சுக்கிடுங்க. இவ்வளவும் தெரிஞ்சும் நா அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கேன். ஏன்னு சொல்லத்தான் இம்புட்டு நீளமா எழுதுதேன், பீஸு டைமிங்கு மட்டும் வேணும்ங்கவிய நேரா கீழ போயிருங்க.

பேரு போடல, கேக்காதிய. பாளையங்கோட்டைப் பக்கம் உள்ள ஒரு தனியார் பூல், அவ்வளவுதான். கொறையும் சேத்துத்தான் எழுதுவேன்னு கோச்சுட்ட சொன்னேன், "தாராளமா எழுதுங்க அண்ணாச்சி, பேரு மட்டும் வேண்டாம்"ன்னுட்டாரு, நாயமாத்தான் பட்டுது. நீங்க எந்தப் பூலுக்குப் போனாலும் சேருததுக்கு முன்னாடி என்னத்த கேக்கணும்னு இதுல இருக்கு, அது போதும்.

நமக்கு ஊரு சேரன்மாதேவிப் பக்கம். வீட்ட விட்டு எறங்குனா கன்னடியன் கால்வா, இன்னும் பத்து நிமிஷம் நடந்தா ஆறு. பொதிகையில பொறந்து புன்னக்காயல்ல கடல்ல போய்ச் சேருத வரைக்கும் இந்தத் தாமிரவரணியில எறங்காத ஆம்பளப்பிள்ளைய எண்ணுனா நீ ஒருத்தந்தாம்ல இருப்பன்னு எங்கம்மை சொல்லுவா. ஸ்கூல்ல எனக்குப் பட்டப்பேரு கடப்பாரை. கடப்பாரை நீச்சல்னா என்னன்னு நம்ம ஊர்க்காரவியளுக்கு சொல்ல வேண்டாம்.

எனக்கு ஒம்பது வயசு இருக்கும், முழுப்பரிச்ச லீவு. தோட்டத்துக் கெணத்துல எல்லாப் பசங்களும் முதுகுல காஞ்ச சுரக்குடுக்கை கட்டிக்கிட்டு குதிக்கானுவ, ஒருத்தன் முள்ளுமுருங்கக் கட்டைய வச்சுருக்கான், நா மட்டும் படியில உக்காந்து கால நனைச்சுக்கிட்டுருந்தேன், அதுவே எனக்குப் பெருசா இருந்துச்சு. சித்தப்பா வந்தாவ. "ஆம்பளப்பிள்ளைக்கு எதுக்குலே குடுக்கையும் மண்ணும், தூக்கிப் போட்டா தானா கையக் கால அடிப்பான்"ன்னு சொல்லி மேல கூட்டிட்டுப் போயி துலாக்கல்லு பக்கத்துல இருந்து தள்ளிட்டாவ. கெணத்துச் செவுத்துப் பொந்துல பொறா கூடு கட்டிருக்கும், நா விழுந்த சத்தத்துல அம்புட்டும் படபடன்னு ஒண்ணா எந்திரிச்சிச்சு. எனக்கு அந்தப் படபடப்பு மட்டுந்தான் ஞாபகம், பொறவு பச்சைக் கலரு, காதுக்குள்ள 'ங்ங்'னு ஒரு சத்தம். சித்தப்பா மேல நின்னு "கைய அடிலே, கைய அடிலே"ன்னு கத்துனது கூட தண்ணிக்குள்ள கேட்டுது. பம்புசெட்டுல வேல பாத்த தாத்தாதான் குதிச்சு தலமுடியப் புடிச்சுத் தூக்குனாவ. மூக்கு வழியா வந்த தண்ணியில பாசி இருந்துச்சு.

தானா கைய அடிப்பான்னு சொன்னாவல்லா, நா அடிக்கல. மரக்கட்டையா நின்னுட்டேன். அதுக்குப்பொறவு முப்பத்து மூணு வருஷம் அப்படியேதான் நின்னேன்.

அந்த வருஷங்கள நா எப்படிச் சமாளிச்சேங்கது ஒரு தனித் திறம. சளி புடிச்சுருக்கு, காதுல சீழு, நேத்துதான் ஊசி போட்டேன், மோதிரம் விழுந்துரும், இப்படி ஆயிரம். குத்தாலம் கூப்புட்டா மட்டும் வீரமா போவேன், அருவிக்கு அடியில மணிக்கணக்கா நிப்பேன், ஏன்னா தண்ணி மேல இருந்து வந்தா எனக்குப் பயம் கெடையாது, கால் கீழ இருந்தாத்தான் பயம். 2018 அக்டோபர்ல தாமிரவரணி மகா புஷ்கரம் வந்துச்சுல்லா, 144 வருஷத்துக்கு ஒருக்கான்னு எங்கெங்க இருந்தோ ஜனங்க வந்து முங்குனாவ, எங்கம்மைய குறுக்குத்துறைக்குக் கூட்டிட்டுப் போனேன், அவ எழுவது வயசுல மூக்கப் புடிச்சுக்கிட்டு மூணு முங்கு போடுதா, மகன் மூணாவது படியில நின்னு செம்புல மோந்து தலையில ஊத்திக்கிட்டான். புண்ணியம் செம்புலயும் உண்டும்பா அம்மை. பெத்தவ, வேற என்ன சொல்லுவா.

இதெல்லாம் சிரிப்பாப் போச்சு. சிரிக்க முடியாதது 2023 டிசம்பர். 17, 18 தேதி திருநெல்வேலிப் பக்கம் பெஞ்ச மழ உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. நாங்க மீனாட்சிபுரத்துல மச்சினன் வீட்டுல இருந்தோம், விடியக்காலம் முழிச்சுப் பாத்தா கீழ் போர்சன்ல கட்டிலு மெதக்குது. மாடியில ஒரு பகலும் ஒரு ராத்திரியும். மறுநா படகு வந்துச்சு, கடற்கரைப் பக்கத்துல இருந்து வந்த மீனவப் பயலுவ, வாசல் வரைக்கும் படகு வரமுடியல, நாலு எட்டு தண்ணியில நடந்து ஏறணும், இடுப்பளவுதான் இருக்கும். என் வீட்டுக்காரி எறங்கிட்டா, மச்சினன் எறங்கிட்டான், எட்டு வயசு மக படகுல வந்த பையன் ஒருத்தன் தோள்ல ஏறிட்டா. நா மாடிப்படியில கடைசிப் படியில நிக்கேன், கம்பியப் புடிச்ச கைய எடுக்க வரல. மூளை எடுன்னு சொல்லுது, கை கேக்க மாட்டேங்கு. அந்தப் பையன் திரும்பி வந்து ஒவ்வொரு வெரலா எடுத்துவிட்டான். மக தோள் மேல இருந்து பாத்துக்கிட்டே இருந்தா, ஒண்ணுமே கேக்கல, அன்னைக்கு மட்டுமில்ல, இன்னைக்கு வரைக்கும் கேக்கல.

(ஒண்ணு சொல்லிருதேன், நீச்சல் தெரிஞ்சுருந்தா வெள்ளத்துல எறங்கலாம்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ஓடுத வெள்ளத்துல நீச்சக்காரனும் போயிருக்கான். நா சொல்லுதது அந்த வெரல மட்டுந்தான்.)

அதுக்கும் பொறவும் ஒன்றரை வருஷம் தள்ளிப் போட்டேன். ஆழந்தெரியாம கால விடாதன்னு பெரியவிய சும்மாவா சொன்னாவன்னு எனக்கு நானே சொல்லிக்கிடுவேன், ஆழந்தெரிஞ்சுக்கக் கூட கால விட்டது கெடையாது. கடைசியா போன மே மாசம் நாலஞ்சு எடத்துக்கு போன் போட்டேன். ஒருத்தரு எடுத்த எடுப்புலயே "பயமா? நீங்க வாங்க சார், தூக்கிப் போட்டா ரெண்டே நாள்ல தெளிஞ்சிரும்"ன்னாரு. போன வச்சுட்டேன். இன்னொரு எடத்துல பேட்சுக்கு முப்பது பேருன்னாவ. இந்தப் பூல்ல போன எடுத்த கோச்சு கேட்ட மொதக் கேள்வி, "சும்மா பழக்கம் இல்லையா, இல்ல சின்ன வயசுல எதும் நடந்துச்சா?" நா கெணத்துக் கதைய சொன்னேன். "சரி, ஜூன்ல வாங்க, சம்மர் கேம்ப் புள்ளைய எல்லாம் போயிருவாவ, கூட்டம் இருக்காது. மொத நா தண்ணியில எறங்க வேண்டாம்"ன்னாரு. தண்ணியில எறங்க வேண்டாம்னு சொன்ன நீச்சல் கோச்ச அன்னைக்குத்தான் பாத்தேன், சேந்துட்டேன்.

சொன்ன மாதிரியே மொத நா ஓரத்துல உக்காந்து கால மட்டும் விட்டேன். ஒரு மணி நேரம். ஜூன் மாசம் காத்து வேற, விடியக்காலம் மலைப்பக்கத்துல இருந்து சாரக்காத்து அடிக்கும்லா, மேல தண்ணி நெளிஞ்சுக்கிட்டே இருக்கு, அது நெளிய நெளிய எனக்கு வயித்தப் பெரட்டுது. கோச்சு பக்கத்துல வந்து உக்காந்து ரெண்டே ரெண்டு விசயம் சொன்னாரு. ஒண்ணு, நீங்க சரின்னு சொல்லாம இங்க யாரும் உங்களத் தொட மாட்டாவ, புடிச்சு இழுக்க மாட்டாவ, தள்ள மாட்டாவ. ரெண்டாவது, நா தெனமும் பயம் பத்துக்கு எத்தனன்னு கேப்பேன், பொய் சொல்லாம நம்பரு சொல்லணும், வேற ஒண்ணும் பேச வேண்டாம். அன்னைக்கு நா சொன்ன நம்பரு ஏழு. கால மட்டும் விட்டதுக்கு ஏழு! அவரு சிரிக்கல. "ஏழா, சரி, ஏழோட உக்காருங்க"ன்னாரு. அரை மணி நேரம் கழிச்சுக் கேட்டாரு, அஞ்சு. ஒண்ணுமே பண்ணல, சும்மாதான் உக்காந்துருந்தேன், அதுவா எறங்கிருக்கு.

வீட்டுப்பாடம் வேற உண்டு. ஒரு பக்கெட்டு நெறய தண்ணி எடுத்து மூஞ்சிய முக்கி வாய் வழியா மூக்கு வழியா 'புர்ர்'னு காத்த முட்ட முட்டயா விடணும், ஒரு நாளைக்கு இருவது தடவ. நாப்பத்திரெண்டு வயசு ஆளு பாத்ரூம்ல மண்டி போட்டு பக்கெட்டுக்குள்ள தலைய விட்டு எருமமாடு மாதிரி சத்தம் குடுக்கேன், வெளிய மக போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு எண்ணுதா. "அப்பா, ஆறு செகண்டு." "அப்பா, ஒம்பது." வீட்டுக்காரி வாளிய எடுத்துக் குடுங்க தொவைக்கணும்னு கதவத் தட்டுதா.

இந்த முட்ட விடுதது வெளையாட்டு இல்லங்கது பொறவுதான் வெளங்குச்சு. பயந்தவன் தண்ணிக்குள்ள போனதும் என்ன பண்ணுவான்னா மூச்ச உள்ள இழுத்து கெட்டியா அடைச்சு வச்சுக்கிடுவான். கொஞ்ச நேரத்துல நெஞ்சு முட்டும், ஐயோ காத்து இல்லன்னு நெனப்பான். காத்து தீந்து போயி முட்டுததில்ல அது, ஒடம்புக்குள்ள கார்பன் டை ஆக்ஸைடு சேருதுல்லா அதுதான் மூச்சு விடு விடுன்னு மெரட்டுது, ஆக்ஸிஜன் அப்பவும் இருக்கும். அதனால தண்ணிக்குள்ள பைய பைய விட்டுக்கிட்டே இருக்கணும், வெளிய வந்து இழுக்க மட்டுந்தான் செய்யணும். வெளிய வந்து விட்டு, பொறவு இழுக்கணும்னா ரெண்டுக்கும் நேரம் பத்தாது, பாதி காத்துல பாதி தண்ணி போவும், அங்கதான் எல்லாரும் பயந்து ஓடுதது. இத கோச்சு சொன்னப்ப கெணத்துக்குள்ள நா வாயத் தொறக்காம அடைச்சுக்கிட்டு நின்னது அப்படியே ஞாபகம் வந்துச்சு.

எங்க பேட்சுல ஒரு காலேஜ் வாத்தியாரு, சைக்காலஜி நடத்துதவரு, அவருக்குமே தண்ணின்னா ஆவாது, அது வேற கத. அவரு ஒரு நா வெளிய டீக்கடையில வச்சு சொன்னாரு, இந்த நம்பர் கேக்குத வேலை புதுசு இல்ல, தென்னாப்பிரிக்காவுல ஜோசப் வோல்ப்னு ஒரு டாக்டரு, அவரு பூனைய வச்சுப் பாத்தாராம். ஒரு கூண்டுல வச்சு ஷாக் அடிச்சா பூனை பொறவு அந்தக் கூண்டுல பட்டினி கெடந்தாலும் சாப்பிட மாட்டேங்கு. சரின்னு அந்த ரூம விட்டுத் தள்ளி வேற எடத்துல வச்சு சோறு வச்சாராம், தின்னுச்சு. பொறவு கொஞ்சம் கிட்ட, இன்னும் கொஞ்சம் கிட்ட, கடைசியில அந்தக் கூண்டுக்குள்ளயே வச்சுத் தின்னுச்சாம். மனுசங்களுக்கு இதயே மாத்தி 1958-ல எழுதி வெளியிட்டுட்டாரு. பயம் எத்தனைன்னு அவரு நூறுக்குக் கேட்டாராம், நம்ம கோச்சு பத்துக்குக் கேக்காரு. கோச்சுக்கு வோல்பும் தெரியாது பூனையும் தெரியாது, அவருட்ட கேட்டதுக்கு "பிள்ளையளுக்கு சொல்லிக் குடுத்து சொல்லிக் குடுத்து பழகுனது அண்ணாச்சி"ன்னாரு. நா கையில இருந்த உளுந்தவடையப் பாத்தேன். தெனமும் கிளாஸ் முடிஞ்சதும் இந்த வடைக்காகவே நா வாரேனோன்னு ஒரு சந்தேகம் ரொம்ப நாளா இருந்துச்சு. பூனை நாந்தான்.

எட்டாவது நா மெதக்கச் சொன்னாரு. மல்லாக்க. இதுல எனக்கு ஒரு வயித்தெரிச்சல் உண்டு, பேட்சுல லாரி செட் வச்சுருக்க அண்ணாச்சி ஒருத்தரு, நூத்திப்பத்து கிலோ இருப்பாவ, படுத்தவுடன தெப்பம் மாதிரி மெதக்காவ, அவிய வயித்து மேல ஒரு டம்ளர் காப்பி வைக்கலாம். நா ஒல்லி, எனக்கு காலு நேரா கீழ போவுது. கொழுப்பு தண்ணிய விட லேசு, எலும்பும் தசையும் கனம், அதான் சங்கதி. கடப்பாரைன்னு பேரு வச்ச பயலுவ தெரியாமலே சயின்ஸ் பேசிருக்கானுவ. ஆனா நெஞ்சு நெறய காத்த இழுத்து, தலைய நல்லா பின்னால சாய்ச்சு, காது ரெண்டும் தண்ணிக்குள்ள போற வரைக்கும் விட்டா ஒல்லிக்குச்சியும் மெதக்கும். தலையத் தூக்குனா போச்சு, தல தூக்குன கனத்துக்கு காலு எறங்கிரும். பயந்தவன் செய்யுத மொத காரியமே தலையத் தூக்குததுதான். கோச்சு தலைக்கு அடியில ஒரே ஒரு கைய வச்சுருந்தாரு, கேட்டுட்டுத்தான் வச்சாரு. நா வானத்தப் பாத்துக்கிட்டே இருக்கேன், வாட்டர் டேங்கு மேல ரெண்டு பொறா உக்காந்துருக்கு, எனக்கு பக்குன்னு இருந்துச்சு. காதுக்குள்ள அதே 'ங்ங்'. நம்பரு எட்டு. எட்டோட கெடந்தேன். பொறவு பாத்தா கோச்சு ஓரத்துல நின்னு இன்னொருத்தருட்ட பேசிக்கிட்டுருக்காரு, கை எப்ப எடுத்தாருன்னே தெரியல. "கைய எடுக்கட்டான்னு கேட்டேன், ம்ம்னு சொன்னியளே"ங்காரு. சொல்லிருக்கேன் போல.

இனி அந்தக் காணாமப் போன ஒரு ஸ்டாரு. பன்னெண்டாவது நாள் கோச்சுக்கு வீட்டுல எதோ விசேசம், வரல. பதிலுக்கு ஒரு சின்னப் பையன் வந்துருந்தான், நல்ல நீச்சக்காரன், மெடலு கிடலு வாங்குனவன் போல, கூட்டம் சேத்து ஜோக் அடிக்கத் தெரிஞ்சவன். நா நாலு அடியில பலகையப் புடிச்சு காலடிச்சுக்கிட்டுருக்கேன், "என்ன சார் இன்னும் இங்கயே கெடக்கிய"ன்னு பலகைய ஒரு இழுப்பு இழுத்து ஆழப்பக்கத்துக்குக் கொண்டு போயிட்டான். அவனுக்கு அது வெளையாட்டு. எனக்குக் காலு தரையத் தேடுது, தர இல்ல, பலகைய விட்டுட்டேன், ரெண்டு வாய் குளோரின் தண்ணி, அவன் தூக்கி ஓரத்துல வச்சுட்டு "ஒண்ணும் ஆவல பாத்தியளா"ங்கான். கிட்டத்தட்ட சித்தப்பா கொரலு. நா ஒண்ணும் பேசாம ட்ரஸ்ஸ மாத்திக்கிட்டு வந்துட்டேன், கொக்கி அன்னைக்கும் விழுந்துச்சு. நாலுல இருந்த நம்பரு வீட்டுக்கு வந்தும் ஒம்பதுல நிக்கு. ரெண்டு நா போவல, மூணாவது நாளும் போற எண்ணம் இல்ல. காசு போனாப் போவுதுன்னு மக்கு மாதிரி கணக்குப் போட்டுக்கிட்டுருந்தேன்.

கோச்சு விசயம் கேள்விப்பட்டு ராத்திரி போன் போட்டாரு. சமாதானம் ஒண்ணும் சொல்லல. "நா சொன்ன மொத வார்த்தைய எங்க ஆளே மீறிட்டான், தப்பு எங்க மேலதான். நாளைக்கு வாங்க, கால மட்டும் விட்டு உக்காருங்க, மொத நாள்ல இருந்து போவோம்"ன்னாரு. பூலுக்கு ஒரு ஸ்டார் கொறச்சது அந்தப் பையனுக்காக இல்ல, கோச்சு ஒருத்தரு வராட்டா அந்த எடத்துல மொறையே மாறிருதுங்கதுக்காக. நீங்க எங்க சேந்தாலும் இத மொதல்லயே கேட்டுருங்க, சாரு லீவு போட்டா யாரு வருவா, அவியளும் இதே மாதிரித்தான் சொல்லிக் குடுப்பாவளான்னு. நல்லா நீந்துதவனுக்கு பயந்தவனோட கை கால் தெரியணும்னு ஒண்ணும் இல்ல.

மொத நாள்ல இருந்து ஆரம்பிச்சோம், ஆச்சரியம் என்னன்னா எட்டு நாள்ல வந்த தூரத்த ரெண்டே நாள்ல வந்துட்டேன். அந்த வாத்தியாரு இதுக்கும் எதோ பேரு சொன்னாரு, மறந்துட்டேன்.

பத்தொம்பதாவது நாள் ஆழப்பக்கம். தரையில டைல்ஸ்ல நீலப் பெயிண்டுல '6'ன்னு எழுதிருக்கும், அந்த ஆறுல கீழ் வளைவு பாதி அழிஞ்சு போயிருக்கு, பாக்கதுக்கு எதோ கொக்கி மாதிரி. அதுக்கு நேரா என் பெருவெரலு ரெண்டும். கோச்சு தண்ணிக்குள்ள மூணு அடி தள்ளி நிக்காரு, நிக்காருன்னா நிக்கல, கால ஆட்டிக்கிட்டு மெதக்காரு. "நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். நெஞ்சு நெறய காத்த இழுத்து ஒரு எட்டு முன்னால வைங்க. உள்ள போவிய, மூணு எண்ணுங்க, தண்ணியே மேல கொண்டு வந்துரும். நா தொட மாட்டேன், கேட்டா மட்டும் தொடுதேன்." எத்தனன்னு கேட்டாரு. எட்டுன்னேன். "எட்டுக்கு எறங்கணும்னு கட்டாயம் இல்ல, போயி வடை திங்கலாம்"ன்னாரு. லாரி செட் அண்ணாச்சி மத்தப் பக்கத்துல இருந்து "கடப்பாரை, நீ போலே, நா இருக்கேன்"ங்காவ, பட்டப்பேர நாந்தான் ஒளறிருந்தேன். காத்து அடிக்கி. கால் நடுங்குதத பாத்தேன், அது வேற யாரு காலோ மாதிரி முட்டி தனியா ஆடுது. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல, தண்ணியில இருந்தவிய எல்லாம் அவிய அவிய வேலையப் பாக்கப் போயிட்டாவ, அதுதான் நல்லதாப் போச்சு, யாரும் பாக்கல. ஒரு எட்டு வச்சேன்.

ஒண்ணு. நீலம், பச்சை இல்ல. ரெண்டு. காதுல 'ங்ங்', பெருவெரலு தரையில பட்டுது, பட்டதும் ஒரு சின்ன சந்தோசம். மூணு எண்ணுததுக்குள்ள தோள்ல யாரோ கைய குடுத்துத் தூக்குத மாதிரி இருந்துச்சு, கோச்சுதான்னு நெனச்சேன், தலை வெளிய வந்து பாத்தா அவரு அதே மூணு அடி தள்ளித்தான் இருக்காரு. 'புர்ர்'னு விட்டு இழுத்தேன். பக்கெட்டு. எத்தனன்னு கேட்டாரு. அப்பவும் ஆறுதான். ஆனா இன்னொருக்கா ஏறி வந்து அதே எடத்துல நின்னேன், அன்னைக்கு மட்டும் பதினோரு தடவ.

இதுனால வாழ்க்கையே மாறிருச்சான்னு கேட்டா, இல்ல. ஆழப்பக்கம் போனா இன்னைக்கும் நம்பரு மூணு நாலுல நிக்கத்தான் செய்யுது, பூஜ்யத்த நா பாத்ததே கெடையாது. ஒரு அகலம் தாண்டுவேன், நீளம் முழுசா இன்னும் வரல, நடுவுல ஒருக்க மல்லாக்கப் படுத்து மூச்சு வாங்கிட்டுத்தான் போறேன். ஆனா மூணு வருஷமா தள்ளிப் போட்டுக்கிட்டுருந்த ரூட் கெனாலுக்கு ஜூலையில போயிட்டேன், சேர்ல சாஞ்சு படுத்ததும் எனக்கு நானே எத்தனலேன்னு கேட்டேன், ஆறுன்னு வந்துச்சு, ஆறுக்கு நா ஏற்கனவே குதிச்சுருக்கேம்லா. லைசென்ஸ் எடுத்து பத்து வருஷமா ஈரடுக்குப் பாலத்துல காரு ஓட்டாம சுத்திப் போற ஆளு நா, அதயும் ஒரு ஞாயித்துக்கெழம காலையில முடிச்சேன், பின்னால வந்த பஸ்ஸுக்காரரு ஹார்ன் அடிச்சது தனி.

சரி, விவரம். காலை ஆறுல இருந்து ஏழு ஆம்பளையளுக்கு, ஏழரைக்கு லேடீஸ் பேட்சு, அதுக்கு தனியா லேடி கோச்சு உண்டு. 21 கிளாஸுக்கு நா கட்டுனது 3500 ரூவா, லீவு போட்ட நாள அடுத்த வாரத்துல சேத்துத் தந்தாவ. பேட்சுக்கு எட்டு பேருக்கு மேல எடுக்க மாட்டேங்காவ. பூலு மூணரை அடியில ஆரம்பிச்சு ஆறடி வரைக்கும் போவும், ஓரத்துல சுத்திக் கம்பி இருக்கு, பயந்தவனுக்கு அந்தக் கம்பிதான் சாமி. நைலான் ட்ரஸ்தான் போடணும், காட்டன் பனியன் போட்டு வந்தா தண்ணி குடிச்சு கனத்து கீழ இழுக்கும். கண்ணாடி முந்நூறு ரூவாயில உள்ளதே போதும், போட்டு ஒரு நா தண்ணி புகுந்தா வார இழுத்துக் கட்டாதிய, மூக்குக்கிட்ட சரியா படிஞ்சுருக்கான்னு பாருங்க. எறங்குததுக்கு முன்னாடி ஷவர்ல ஒடம்ப நனைக்கச் சொல்லுவாவ, தயவு செஞ்சு நனைங்க, பூல்ல கண்ணெரிச்சலும் அந்த ஆஸ்பத்திரி வாடையும் வெறும் குளோரின்னால வாரதில்ல, நம்ம வேர்வையும் மூத்திரமும் குளோரினோட சேந்து வாரது. வலிப்பு, நெஞ்சு சம்பந்தமா எதுவும் இருந்தா டாக்டருட்ட கேட்டுட்டு வாங்க, கோச்சுட்டயும் மறைக்காதிய. மே மாசம் சேராதிய, புள்ளைய கூச்சல்ல கோச்சு சொல்லுதது காதுல விழாது. பொறவு, பூல்ல நீந்துதவன் நேரா ஆத்துல போயி எறங்கக் கூடாது, இத கோச்சு பத்து தடவ சொன்னாரு. பூல்ல தர ஒரே மாதிரி இருக்கும், ஆத்துல முட்டளவு தண்ணிக்குப் பக்கத்துலயே ஆழமான கசம் கெடக்கும், மணல் அள்ளுன குழி இருக்கும், மேல பாத்தா ஒண்ணும் தெரியாது, ஓட்டம் வேற. தெரிஞ்ச படித்துறையில, தெரிஞ்ச ஆளோட, அவ்வளவுதான்.

இனி எழுதுதது ரிவ்யூல சேராது. ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போயிருந்தேன், அப்பாவுக்குத் தர்ப்பணம் குடுக்க. ஊர்ப் படித்துறை, எல்லாரும் குளிக்குத எடம், இடுப்பளவு தண்ணி. பக்கத்துல பெரியப்பா மகன் நின்னான். எத்தன, அஞ்சு, சரின்னு மூக்கப் புடிக்காம மூணு முங்கு முங்குனேன், உள்ள முட்ட விட்டுக்கிட்டே. எந்திரிச்சுப் பாத்தா மேல படியில சித்தப்பா. எழுவத்தஞ்சு வயசாச்சு, இப்பம்லாம் கம்பு இல்லாம நடக்க மாட்டாவ.

"என்னலே, எறங்கிட்ட?"

"கிளாஸ் போனேன் சித்தப்பா. பாளையங்கோட்டையில."

"துட்டு எவ்வளவு வாங்குதான்?"

"மூவாயிரத்து ஐநூறு."

"அடப் பாவி. நா அன்னைக்கு சும்மாலா சொல்லிக் குடுத்தேன்."

நானும் சிரிச்சேன், அவியளும் சிரிச்சாவ. அப்பந்தான் பாத்தேன், வேட்டிய முட்டிக்கு மேல மடிச்சுக் கட்டி மூணாவது படியில உக்காந்துருக்காவ, கால் கணுக்கால் வரைக்கும்தான் தண்ணியில, கையில செம்பு. மோந்து தலையில ஊத்துனாவ. கெணத்து மேல நின்னு கைய அடிலேன்னு கத்துனாவல்லா, அவிய ஏன் குதிக்கலன்னு நா இத்தன வருஷத்துல ஒருக்க கூட யோசிச்சதில்ல.